வான வித்தையும் தரைக் கணக்கும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

 

இலக்கியம் பற்றியும் சமயம் பற்றியும் கற்றறிந்த பெரியோர் பேசிய இம்மேடையில், மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு, சரக்குக் கணக்கு எழுதிக் காலங்கழிக்கும் ரயில்வே குமாஸ்தாவாகிய என்னையும் பேசப் பணித்தது சங்கத்தாரின் பெருந்தன்மையே ஆகும். நான் எடுத்துக்கொண்ட பொருள், ரேடியோவின் ஆணைக்கு அடங்கி, மின்சாரத்தின் வலிவால் பறந்து, வானத்தில் குட்டிக்கரணம் போடும் மாதிரி விமானம்.

ஞாயிற்றுக்கிழமைகளில், காலை வெயில் ஏறுமுன், ஊருக்கு வெளியேயுள்ள திடலில் நானும் என் மகனும் காலனிப் பிள்ளைகள் சிலரும் இவ்விமானத்தைப் பறக்கவிடுவதை உங்களிற் பலர் அறிவீர்கள். அறிந்தவர்கள் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்பதுண்டு. பிள்ளைகளின் படிப்புக்கு இதனால் நன்மை என்ன? மாதச் சம்பளக் குடும்பத்துக்கு இச்செலவு தகுமா? இதில் ஆபத்து இல்லையா? மூன்றும் நியாயமான கேள்விகளே. என் விடை ஒன்றுதான்: வானத்தில் விமானம் செய்யும் வித்தை யாவும் தரையில் நாம் போட்ட கணக்கின் பயன். கணக்குச் சரியாக இருப்பின் செலவும் அடங்கும், ஆபத்தும் அடங்கும், பிள்ளையும் அறிவு பெறுவான். இதனைச் சற்று விரித்துரைக்க உங்கள் அனுமதியை வேண்டுகிறேன்.

பறக்கும் பொறி என்னும் எண்ணம் தமிழருக்குப் புதிதன்று. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் தேவி விசயைக்காக மயிற்பொறி ஒன்று செய்வித்தான். அதன் பொறியை வலப்புறம் திருகினால் மேலே எழும். இடப்புறம் திருகினால் கீழே இறங்கும். பகைவனின் வெற்றி முரசம் கேட்டு விசயை மயங்கியபோது, அப்பொறி அவளைச் சுடுகாட்டிலே கொண்டுவந்து இறக்கியது என்று காப்பியம் கூறுகிறது. இயக்குவோர் நினைவிழந்தபோது பொறி என்ன செய்ய வேண்டும் என்னும் வினா இக்கதைக்குள் அடங்கியுள்ளது. இன்றைய மாதிரி விமானத்திலும் அதுவே தலையாய வினா. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

கற்பனையை விட்டு வரலாற்றுக்கு வருவோம். ரேடியோவினால் மாதிரி விமானத்தை ஆளும் கலையில் முன்னோடிகளாக விளங்கியவர்கள் அமெரிக்காவின் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்னும் சகோதரர்கள். அவர்களுடைய 'கஃப்' என்னும் விமானம் 1937-ல் பறந்தது. அது எண்ணெய் இன்ஜினால் ஓடியது. மின்சார மோட்டாரைக்கொண்டு ரேடியோ விமானத்தைப் பறக்கவிட்ட பெருமை இங்கிலாந்தில் கர்னல் டாப்ளினுக்கு உரியது. அது நிகழ்ந்தது 1957, ஜூன் 30-ந் தேதி. அதன்பின் நெடுங்காலம் மின்சார விமானம் பின்தங்கியே கிடந்தது. நிக்கல்-காட்மியம் பாட்டரி கனமானது. பழைய மோட்டாரில் கரித்துண்டு உராய்ந்து ஆற்றல் வீணாயிற்று. எழும்பிப் பறப்பதே அரிது. கரணம் போடுவது எங்கனம்?

இந்நிலையை மாற்றியவை இரண்டு. ஒன்று, 1980-களில் தோன்றிய நியோடிமியம் காந்தம். உருவிலே சிறியது, வலிவிலே பெரியது. மற்றொன்று லித்தியம் பாட்டரி. 1991-ல் விற்பனைக்கு வந்த லித்தியம்-அயான் பாட்டரியை உருவாக்க உழைத்த மூவருக்கு 2019-ல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு அளிக்கப்பட்டது. நம் கைத்தொலைபேசிக்கு உயிர் கொடுப்பதும் அது. அதன் இனத்தைச் சேர்ந்த லித்தியம்-பாலிமர் என்பதே நம் விமானத்துக்கு உயிர்.

இனி, விமானத்தை எவ்வாறு சித்தப்படுத்துவது என்று பார்ப்போம். கரணம் போடும் விமானத்துக்கும் பழகுநர் விமானத்துக்கும் இறக்கையிலேயே வேற்றுமை உண்டு. பழகுநர் விமானத்தின் இறக்கை அடியில் தட்டையாகவும் மேலே வளைந்தும் இருக்கும். கையை எடுத்தாலும் தானே நிமிரும். கரண விமானத்தின் இறக்கையோ மேலும் கீழும் ஒரே வளைவுடையது. ஆதலால் தலைகீழாகவும் அது இயல்பாகப் பறக்கும். ஆனால் தானாக நிமிர்ந்து கொள்ளாது. விட்ட நிலையிலேயே நிற்கும். குழந்தையை நடைவண்டியில் பழக்கிய பின்னரே சைக்கிளில் ஏற்றுகிறோம். அதுபோல முதலில் கணிப்பொறியில் பாவனை விமானத்திலும், அடுத்துப் பழகுநர் விமானத்திலும் கைதேறிய பின்னரே கரண விமானத்தைத் தொடுதல் வேண்டும். பாவனை விமானம் நூறு முறை விழுந்தாலும் ஒரு காசும் நட்டமில்லை. செலவைப் பற்றிய கேள்விக்கு முதல் விடை இதுவே.

உடலுக்குப் பால்ஸா என்னும் மெல்லிய மரமும் வழங்கும், ஈ.பி.பி. என்னும் நுரைப்பொருளும் வழங்கும். நமக்கு ஏற்றது நுரைப்பொருளே. விழுந்தால் வளையும், எளிதில் உடையாது. உடைந்தாலும் பசையால் ஒட்டிவிடலாம். ஒரு மீட்டர் அகல இறக்கையுடைய நுரை விமானம் ஒன்றை உதாரணமாகக் கொள்கிறேன்.

அதன் மோட்டாரில் கரித்துண்டு கிடையாது. கம்பிச் சுருள்கள் நடுவே அசையாது நிற்க, காந்தங்கள் பொருத்திய வெளிக்கூடு சுழல்கிறது. வெளியே மூன்று கம்பிகள் வரும். நம் ரயில்வே நண்பர்களுக்கு இது எளிதில் விளங்கும். டபிள்யூ.ஏ.பி.-7 வகை இன்ஜினில், மேற்கம்பியிலிருந்து பெறும் மின்சாரம் மூன்று கட்ட மின்சாரமாக மாற்றப்பட்டு மோட்டார்களுக்குச் செல்கிறது அல்லவா? அதே வேலையை இங்கே தீப்பெட்டி அளவுள்ள வேகக் கட்டுப்பாட்டுக் கருவி செய்கிறது. இ.எஸ்.ஸி. என்பது கடைக்காரர் சொல்லும் பெயர். மோட்டார் எதிர்ப்புறம் சுற்றினால் மூன்று கம்பிகளில் எவையேனும் இரண்டை மாற்றிப் பூட்டினால் போதும், திசை திரும்பிவிடும்.

மோட்டாரின் மேல் 1000 கே.வி. என்று எழுதியிருக்கும். இதனைக் கிலோவோல்ட் என்று எண்ணி அஞ்ச வேண்டாம். சுமையின்றிச் சுழலும்போது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1000 சுற்று என்பதே அதன் பொருள். பாட்டரியில் மூன்று அறைகள், அறைக்கு 3.7 வோல்ட்; ஆக 11.1 வோல்ட். சுமையற்ற நிலையில் நிமிடத்துக்கு 11,100 சுற்று. பத்து அங்குல விசிறி மாட்டி முழு வேகத்தில் ஓட்டினால் ஏறத்தாழ 15 ஆம்பியர் இழுக்கும். 11.1-ஐ 15-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 166 வாட். 15 ஆம்பியர் இழுக்கும் மோட்டாருக்கு 30 ஆம்பியர் தாங்கும் கட்டுப்பாட்டுக் கருவி வைப்பது முறை. இருபது டன் ஏற்ற வேண்டிய வண்டிக்கு இருபது டன்னில் முறியும் அச்சை யாரும் பூட்டுவதில்லை.

அடுத்து, எவ்வளவு நேரம் பறக்கலாம்? பாட்டரியின் கொள்ளளவு 1300 மில்லி ஆம்பியர்-மணி, அதாவது 1.3 ஆம்பியர்-மணி. கரணங்களின் இடையே வேகம் கூடியும் குறைந்தும் சராசரி 10 ஆம்பியர் செலவாகும் என்று கொண்டால், ஏழே முக்கால் நிமிடத்தில் பாட்டரி வற்றிவிடும். ஆனால் முழுவதும் வற்றவிட்டால் பாட்டரி கெடும். ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் செலவிடலாகாது என்பது விதி. ஆகவே ஆறு நிமிடம். டிரான்ஸ்மிட்டரிலுள்ள மணி ஐந்தரை நிமிடத்தில் ஒலிக்குமாறு வைத்துக்கொண்டு இறங்கிவிட வேண்டும். வரவு அறிந்து செலவு செய்யும் குடும்பத் தலைவிக்கு இந்த நெறியை நான் கற்பிக்க வேண்டியதில்லை.

விமானத்தின் மடல்களை அசைப்பவை ஸர்வோ என்னும் சிறு கருவிகள். ஏறத்தாழப் பத்துக் கிராம் நிறையுள்ளவை நான்கு வேண்டும். இரண்டு இறக்கை மடலுக்கு, ஒன்று கிடைவாலுக்கு, ஒன்று சுக்கானுக்கு. இவற்றுக்கு ஆணையிடுவது ரிஸீவர். முன்னாளில் ஒரே அலைவரிசையில் இருவர் டிரான்ஸ்மிட்டரை இயக்கினால் இரு விமானங்களும் தறிகெட்டு விழும். எனவே ஒரு பிளாக்கில் ஒரு வண்டிக்கே அனுமதி என்னும் நம் விதிபோல், திடலில் ஒவ்வோர் அலைவரிசைக்கும் அடையாள வில்லை வைத்து, வில்லை உடையவரே இயக்குவது வழக்கமாக இருந்தது. இன்றைய 2.4 ஜிகாஹெர்ட்ஸ் கருவிகளில் ஒவ்வொரு ரிஸீவரும் தன் டிரான்ஸ்மிட்டரை மட்டுமே இனங்கண்டு கொள்ளும், அத்தொல்லை நீங்கிவிட்டது.

இங்கேதான் விசயையின் மயிற்பொறியை மீண்டும் நினைக்க வேண்டும். ஆணை வருவது நின்றுவிட்டால் விமானம் என்ன செய்யும்? பழைய கைகாட்டி மரத்தில் கம்பி அறுந்துபோனால், கை தானே 'ஆபத்து' நிலைக்குத் திரும்பும்படி எதிர்ச்சுமை வைத்திருந்தார்கள். தவறு நேரினும் அத்தவறு காப்பின் பக்கமே சாய வேண்டும் என்பது ரயில்வேயின் அடிப்படை அறம். ரிஸீவரிலும் அத்தகைய ஏற்பாடு உண்டு. அதன் பெயர் ஃபெயில்ஸேஃப். ஆணை அற்றவுடன் மோட்டார் நிற்குமாறு அதனை நாமே அமைத்துவிட வேண்டும். விசிறியைக் கழற்றிவிட்டு, மோட்டாரை மெல்ல ஓடவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள். மோட்டார் நின்றால் விமானம் திடலுக்குப் போகலாம். நிற்காவிடில், எத்துணை அழகிய விமானமாயினும் வீட்டிலேயே இருக்கட்டும்.

இப்பொழுது நிறைக் கணக்கு. உடல் 200 கிராம், மோட்டார் 52, கட்டுப்பாட்டுக் கருவி 25, ஸர்வோ நான்கும் 40, பாட்டரி 110, ரிஸீவர் 12, விசிறி 15, சக்கரம், கம்பி, திருகாணி முதலியன 36. ஆகக் கூடுதல் 490 கிராம். விசிறியின் இழுப்போ ஏறத்தாழ 800 கிராம். நிறையினும் இழுப்பு மிகுதி. ஆதலால் விமானம் மூக்கை வானுக்கு நிமிர்த்தி, விசிறியின் பலத்தாலேயே அந்தரத்தில் நிற்கவும் வல்லது. 'இன்னும் பெரிய பாட்டரி வைத்தால் நெடுநேரம் பறக்கலாமே' என்று பிள்ளைகள் கேட்பார்கள். 2200 அளவுள்ள பாட்டரி வைத்தால் ஏறத்தாழ 70 கிராம் கூடும். நேரம் வளரும், ஆனால் சுறுசுறுப்புக் குன்றும், இறங்கும் வேகமும் மிகும். மயிலிறகே ஆயினும் மிகுதியாக ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற வள்ளுவர் கருத்தை நுரை விமானத்தைப் போல் தெளிவாக விளக்கும் பொருள் வேறொன்றை நான் கண்டதில்லை.

நிறை எவ்வளவு என்பதோடு எங்கே என்பதும் முக்கியம். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து, அதன் அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே விமானம் விரல்நுனியில் சமமாக நிற்க வேண்டும். மூக்குக் கனத்தால் விமானம் மந்தமாகும். வால் கனத்தால் அடங்காது. பாட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தியே இதைச் சரி செய்யலாம். தனியே ஈயக்கட்டி சேர்ப்பது வீண் சுமை.

பறக்கவிடுவதில் பழகுநருக்கு நேரும் பெரிய இடர், வலமும் இடமும் மாறிப்போவது. விமானம் நம்மை விட்டு அகலும்போது அதன் வலம் நமக்கும் வலம். நம்மை நோக்கி வரும்போது அதன் வலம் நமக்கு இடம். அந்த வேளையில் எண்ணிப் பார்க்க நேரமிராது. அதற்கு ஓர் எளிய வழி உண்டு. எதிரே வரும் விமானத்தின் எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளுங்கள், தாழ்ந்தது நிமிரும். தாழ்ந்தவருக்குத் தோள் கொடுப்பது போல என்று எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

கரணங்களுள் முதலாவது செங்குத்து வட்டம். 1913-ல் கீவ் நகரில் ருஷ்ய விமானி நெஸ்டரோவ் இதனை உண்மை விமானத்தில் முதன்முதல் செய்து காட்டினார். மேலேறும்போது வேகம் கூட்டி, உச்சியில் குறைத்து, இறங்கும்போது இன்னும் தணித்தால்தான் வட்டம் வட்டமாக அமையும்; வாளாவிருந்தால் நீண்ட முட்டையாகிவிடும். அடுத்தது உருளல். உருளும் விமானம் தலைகீழாகும் கணத்தில், கிடைவால் குச்சியைச் சிறிது முன்னே தள்ள வேண்டும்; தவறினால் மூக்குத் தரையை நோக்கிக் கவியும். மூன்றாவது, செங்குத்தாக ஏறி, வேகம் ஓயும் தறுவாயில் சுக்கானால் பக்கவாட்டில் திரும்பி, வந்த வழியே இறங்குவது. இவற்றை முதலில் மூன்று மரத்து உயரத்துக்கு மேல் பழகுக. உயரம் என்பது விமானிக்கு வங்கியிலுள்ள சேமிப்பு. தவறு நேர்ந்தால் எடுத்துச் செலவிட அதுவே உதவும்.

இக்கலைக்கு உலகப் போட்டியும் உண்டு. முதற்போட்டி 1960-ல் ஸ்விட்ஸர்லாந்தில் நடைபெற்றது. அமெரிக்காவின் காஸ்மிர்ஸ்கி வென்றார். எஃப்.3.ஏ. என்னும் அப்பிரிவில் விமானத்தின் நீளமும் அகலமும் இரண்டு மீட்டருக்கு மேற்படலாகாது. நடுவர்கள் ஒவ்வொரு கரணத்துக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இடுவார்கள். கரணத்தின் கடினத்துக்கேற்ப அம்மதிப்பெண் பெருக்கப்படும். முன்பு எண்ணெய் இன்ஜின்கள் முழங்கிய அக்களத்தில் இன்று மின்சார விமானங்களே மிகுதி.

இனி, ஆபத்தைப் பற்றிய கேள்வி. தாய்மார்கள் இதனைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டுகிறேன். ஆபத்துக்கள் மூன்று.

முதலாவது பாட்டரி. லித்தியம் பாட்டரியைத் தவறாக ஏற்றினாலும், குத்தினாலும், நசுக்கினாலும் தீப்பற்றும். அறைகளைச் சமப்படுத்தும் சார்ஜரையே பயன்படுத்துக. 1300 அளவுள்ள பாட்டரிக்கு 1.3 ஆம்பியர் போதும். அறைக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றலாகாது. பறக்காத நாட்களில் 3.8 வோல்ட்டில் வைத்திருக்க வேண்டும். மணல் பரப்பிய மண்சட்டியில் வைத்து, பெரியவர் ஒருவர் அருகிலிருக்க ஏற்றுக. இரவில் ஏற்றிவிட்டு உறங்கலாகாது. உப்பிய பாட்டரியிடம் இரக்கம் காட்ட வேண்டாம், உடனே விலக்குக.

இரண்டாவது விசிறி. அது விரலைத் துண்டிக்க வல்லது. வீட்டுக்குள் சோதிக்கும்போதெல்லாம் விசிறியைக் கழற்றிவிடுக. டிரான்ஸ்மிட்டரை முதலில் இயக்கிய பின்னரே பாட்டரியைப் பூட்டுக. முடிக்கும்போது பாட்டரியை முதலில் கழற்றுக.

மூன்றாவது, ரயில்வே காலனியில் வாழும் நமக்கே உரிய ஆபத்து. இருப்புப்பாதையின் மேலோடும் கம்பியில் 25,000 வோல்ட் ஓடுகிறது. அதனைத் தொட வேண்டுமென்பதில்லை. நெருங்கினாலே மின்சாரம் தாவும். இரண்டு மீட்டருக்குள் செல்லலாகாது என்பது ஊழியருக்கே விதி. யார்டுக்கு அருகே பறக்கவிட்ட விமானமோ பட்டமோ கம்பியில் சிக்கிவிட்டால், பிள்ளையின் கண்ணுக்குத் தெரிவது விமானம் மட்டுமே, கம்பி தெரியாது. மூங்கிற்கழி எடுத்துக்கொண்டு வாகனின் மேல் ஏறத் துணிவான். அந்த ஒரு நொடிக்காகத்தான் இவ்வளவு நேரமும் பேசினேன் என்று கொண்டாலும் குற்றமில்லை. திடலை நாங்கள் பாதைக்கு வெகு தொலைவில் தேர்ந்தெடுத்ததன் காரணமும் அதுவே. கம்பியில் சிக்கிய விமானம் நம்முடையதன்று, அது போய்விட்டது. இதனை ஒவ்வொரு தாயும் தன் பிள்ளைக்கு இன்றே சொல்லி வைக்க வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தெரிவிப்பதோடு பிள்ளையின் கடமை முடிந்தது.

சட்டத்தையும் மறக்கலாகாது. 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் வானவெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பகுத்துள்ளன. அரசாங்க வரைபடத்தில் நம் திடல் எந்நிறத்தில் உள்ளது என்று பார்த்து, நில உரிமையாளரின் இசைவும் பெற்று, கண்ணுக்கெட்டும் தொலைவுக்குள்ளேயே பறக்கவிட வேண்டும்.

நிறைவாக, நன்மையைப் பற்றிய கேள்வி. பெருக்கலும் விழுக்காடும் வெறுத்த பிள்ளை, பறக்கும் நேரம் கணக்கிடத் தானே பென்சிலை எடுக்கிறான். ஓம் விதியைப் பரீட்சைக்காக மனனம் செய்த பெண், சூடேறிய கம்பியைத் தொட்டு அதன் காரணத்தை வினவுகிறாள். மற்றொரு நன்மையும் உண்டு. தாய்நாட்டை விட்டு நெடுந்தூரம் வந்து வாழும் நம் பிள்ளைகள், பள்ளியில் ஒரு மொழியும் தெருவில் ஒரு மொழியும் பேசுகின்றனர். திடலிலோ இறக்கை மடல், கிடைவால், சுக்கான், உருளல் என்று தமிழிலேயே ஆணையிடுகிறோம். வங்காளிப் பிள்ளையும் மராட்டியப் பிள்ளையும் 'தாழ்த்து, நிமிர்த்து' என்று கூவுவதைக் கேட்கும்போது செவி குளிர்கிறது. பயன்படும் இடத்தில் மொழி தானே வாழும் என்பதற்கு இது சிறு சான்று.

சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள் விடுத்து முடிக்கிறேன். வீட்டுக்கு ஒரு விமானம் வாங்கும் வசதி நம்மில் எல்லோருக்கும் இல்லை, தேவையும் இல்லை. நூல்நிலையத்தில் புத்தகங்கள் பொதுவாக இருப்பதுபோல், ஒரு டிரான்ஸ்மிட்டர், ஒரு சார்ஜர், ஒரு பழகுநர் விமானம், ஒரு கரண விமானம் ஆகியவற்றைச் சங்கம் பொதுவில் வாங்கி வைக்கலாம். எடுப்பதற்கும் திருப்புவதற்கும் ஒரு பேரேடு வைத்து, பாட்டரிகளின் வரவு செலவையும் அதில் எழுதலாம். அப்பேரேட்டை எழுதும் பொறுப்பை நான் மகிழ்வுடன் ஏற்பேன்; அது எனக்குத் தெரிந்த தொழில். ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்னும் வேற்றுமையின்றி அனைவரும் வரட்டும்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!